புதிய மீனுக்கு ஒரு தனித் தொட்டி

வண்ணக் கெண்டைகளாகிய கோய் மீன்களை வளர்ப்பதில் விருப்பங்கொண்டோர் கொழும்பு நகரிலே பலர் உளர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலுள்ள வீட்டு முன்றில்களிலும், கொட்டாஞ்சேனையின் பழைய இல்லங்களின் நடுமுற்றங்களிலும் சீமெந்தாற் கட்டிய சிறு குளங்களைக் காணலாம். மாலை வேளையிலே குளத்தின் ஓரத்தில் அமர்ந்து, செம்மையும் வெண்மையும் கருமையும் கலந்த அம்மீன்கள் கைக்கருகே வந்து உணவு கொள்வதைப் பார்த்திருப்பது மனத்துக்கு ஆறுதல் தருவதொன்றாகும்.

இம்மீனின் தாயகம் யப்பான். அந்நாட்டின் நிகாட்டாப் பகுதியிலே, மலைக்கிராமங்களில் நெல் விளைத்த உழவர்கள் உணவுக்காகக் கெண்டைகளை வளர்த்தனர். அவற்றிடையே இடைக்கிடை தோன்றிய நிறவேறுபாடுகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரம்பமாயிற்று. 1914 ஆம் ஆண்டிலே தோக்கியோவில் நடைபெற்ற பொருட்காட்சியில் இவை வைக்கப்பட்ட பின்னரே வெளியுலகம் இவற்றை நன்கு அறிந்தது. நன்றாகப் பேணப்படும் கோய் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். பிள்ளையொன்று முதலாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டில் வாங்கிய மீன், அப்பிள்ளை பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளிலும் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கக் கூடும். அத்தகைய மீன் வெறும் அலங்காரப் பொருளன்று. அது அவ்வீட்டாருள் ஒன்றாகிவிடுகின்றது.

இவ்வாறு பல்லாண்டு வளர்ந்த மீன்கள் யாவும் ஒரே வாரத்தில் மாண்டொழிவதுமுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் குளத்தில் அன்றி, அண்மையிற் கடையிலிருந்து வாங்கி வந்து விட்ட புதிய மீனிலேயே இருக்கும். அழகிய புதிய மீனைப் பொலித்தீன் பையிற் கொண்டுவந்து, அன்றைக்கே குளத்தில் அவிழ்த்துவிடுவது நம்மிற் பலருடைய வழக்கம். அவ்வாறு செய்யாது, அதனைச் சில வாரங்கள் வீட்டினுள்ளே தனித் தொட்டியொன்றில் வைத்திருந்து, நோயற்றது என்று கண்ட பின்னரே பழைய மீன்களோடு சேர்த்தல் வேண்டும். அத்தகைய தொட்டியை அமைக்கும் முறையையும், அதன்கண் அடங்கிய காரணங்களையும் இப்பேச்சிலே நோக்குவோம்.

தனிமைப்படுத்தல் என்னும் சொல்லை இன்று விளக்க வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவிய காலத்தில் அதனை ஒவ்வொரு வீடும் அறிந்துகொண்டது. எனினும் அம்முறை மிகப் பழையது. அதிரியாத்திக் கடற்கரையிலுள்ள இரகூசா நகரத்தார், கொள்ளைநோய்க்கு அஞ்சி, நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் புறத்தே நிறுத்திவைக்க 1377 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றினர். பின்னர் அது நாற்பது நாளாயிற்று. ஐரோப்பிய மொழிகளில் இம்முறைக்கு வழங்கும் பெயரே நாற்பது என்னும் இத்தாலிய எண்ணுப்பெயரிலிருந்து பிறந்ததாகும். நமது மலையகத் தோட்டங்களுக்கு வந்த முன்னோரும், ஆட்சியாளர் காலராவுக்கும் பெரியம்மைக்கும் அஞ்சியமையால், கடல் கடக்குமுன் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டனர். மனிதருக்கு அது பெருந்துன்பமாய் அமைந்ததுமுண்டு. மீனுக்கோ, தொட்டியைச் செவ்வையாக அமைத்தால், அது துன்பமாக வேண்டியதில்லை. பயணக் களைப்பு நீங்கும் ஓய்விடமாகவே அமையும்.

தோற்றத்தில் நலமாயிருக்கும் மீனை ஏன் ஐயுற வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். நோய்க்கிருமி உடலினுட் புகுந்ததற்கும் நோய்க்குறி வெளித்தோன்றுவதற்கும் இடையே ஒரு காலம் உண்டு. மேலும், நோயிலிருந்து பிழைத்த மீன் தான் நலமாயிருந்துகொண்டே கிருமியைப் பிறவற்றுக்குக் கொடுக்கவும் வல்லது. கோய் மீனுக்கு உரிய ஏப்பிசு வைரசு நோய் இதற்குச் சிறந்த சான்றாகும். 1998 ஆம் ஆண்டிலே இசுரேலிலும் அமெரிக்காவிலும் கெண்டைகள் திரளாக மாண்டபோது இந்நோய் இனங்காணப்பட்டது. 2002 இல் இந்தோனேசியாவில் அது பரவியது. 2003 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே யப்பானின் கசுமிகௌரா ஏரியில் உணவுக்காக வளர்க்கப்பட்ட கெண்டைகள் ஆயிரம் தொன்னுக்கு மேல் அழிந்தன. இந்நோய் கண்ட குளத்தில் நூற்றுக்கு எழுபது முதல் நூறு வரையான மீன்கள் இறத்தல் கூடும். இதனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. உயிருள்ள மீன்களின் வாணிகமே இதனை நாட்டுக்கு நாடு கொண்டு சென்றது.

நமது நாட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டு. உடலிற் செம்புண்களை உண்டாக்கும் மீன்நோயொன்று 1971 இல் யப்பானிலும், அடுத்த ஆண்டில் அவுத்திரேலியாவிலும் காணப்பட்டு, தென்கிழக்காசியா முழுவதும் பரவி, 1987, 1988 ஆம் ஆண்டுகளில் இலங்கையையும் வந்தடைந்தது. நீர்ப்பூஞ்சணம் போன்றதோர் உயிரி அந்நோய்க்குக் காரணம். நமது ஆறுகளிலும் நீர்நிலைகளிலும் வாழும் விரால் முதலிய மீன்கள் அதனாற் புண்பட்டு மடிந்தன. ஆகவே, வீட்டுக் குளத்தின் நலம் வீட்டோடு நின்றுவிடுவதன்று என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, தொட்டிக்கு வருவோம். முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்க. அது பழைய குளத்திலிருந்து சில மீற்றர் தூரத்தில், நீர்த்துளி தெறித்து எட்டாத இடமாக இருத்தல் வேண்டும். நேர்வெயில் படாத, ஆள் நடமாட்டம் குறைந்த அறை நன்று. சமையலறைப் புகையும் நுளம்புச் சுருளின் புகையும் அங்கே வரலாகாது. நுளம்பைக் கொல்லும் பைரித்திரின் இனத்து மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சாகும். காற்றுப் பம்பியானது அறையிலுள்ள காற்றையே உறிஞ்சி நீரினுட் செலுத்துகின்றது. டெங்குத் தடுப்புக்காகத் தெருவிற் புகையடிக்கும் நாட்களிலே, சாளரங்களை மூடி, தொட்டியையும் மூடி, புகை அடங்கும்வரை பம்பியை நிறுத்திவைப்பதே அறிவுடைமை.

அடுத்தது பாரம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஐந்நூறு லீற்றர் கொள்ளும் தொட்டி அரைத் தொன் நிறையைத் தரையின்மேல் ஏற்றும். தரைமாடியிலே சீமெந்துத் தளத்தின்மேல் வைப்பதிற் கவலையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்போர், தளம் அப்பாரத்தைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டறிந்த பின்னரே தொட்டியை வைத்தல் வேண்டும்.

பதினைந்து அல்லது இருபது சதமமீற்றர் நீளமுள்ள மூன்று நான்கு மீன்களுக்கு ஐந்நூறு லீற்றர் போதுமானது. பெரிய மீனாயின் ஆயிரம் லீற்றரேனும் வேண்டும். வட்டமான பிளாத்திக்குத் தாங்கி சாலச் சிறந்தது. மூலையில் மீன் முட்டிக் காயப்படாது, நீரும் தேங்காது சுழலும். ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்டத் தாங்கியிலே 65 சதமமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 510 லீற்றராகும். கணக்கை நம்புவதோடு நில்லாது, அளவறிந்த வாளியினால் நீரை ஊற்றி, நூறு லீற்றருக்கு ஒரு கோடாகத் தொட்டியின் சுவரில் அடையாளமிடுக. மருந்தையும் உப்பையும் அளந்திடுவதற்கு அக்கோடுகளே வழிகாட்டும். புதிதாகச் சீமெந்தாற் கட்டுவோர், சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை பலமுறை நீர் நிரப்பி இறைத்தல் அவசியம்.

தொட்டியின் அடியில் மணலோ கல்லோ இடவேண்டாம். கழிவு கண்ணுக்குத் தெரிதலும், எளிதில் உறிஞ்சி அகற்றப்படுதலும் வேண்டும். தொட்டியின் வாயை வலையால் மூடி இறுகக் கட்டுக. புதிய இடத்திற்கு வந்த கோய் முதற் சில நாட்களில் துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. இரவிலே தரையில் விழுந்த மீனைக் காலையிற் காண்பது பயனற்ற துயரம்.

இதுவரை கூறியவை கடையில் வாங்கக்கூடியவை. இனிக் கூறப்போவது கடையிற் கிடைப்பதன்று. ஆயினும் தொட்டியின் உயிர் அதுவே. மீன் தன் செவுள்களின் வழியாக அமோனியாவை இடையறாது வெளிவிடுகின்றது. அது மீனுக்கே நஞ்சு. பழைய குளத்திலே நன்மை செய்யும் பற்றீரியாக்கள் வடிகட்டியிற் குடியிருந்து, அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியிலோ அப்பற்றீரியாக்கள் இல்லை. அவை தாமாகப் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஆதலின், மீனை வாங்கிவந்த அன்று அவசரமாக நீர் நிரப்பிய தொட்டி, பார்வைக்குப் பளிங்குபோல் இருப்பினும், மூன்றாம் நான்காம் நாளிலே நஞ்சுத் தொட்டியாகிவிடும். தனிமைப்படுத்தியமையால் மீன் இறந்தது என்று பலர் கூறுவது இதனாலேயே. இறப்புக்குக் காரணம் தனிமையன்று. பக்குவப்படாத நீரே காரணம்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டிகள் இரண்டை வாங்கி, பழைய குளத்தின் வடிகட்டிப் பகுதியிலே ஆறு வாரம் இட்டுவைக்க. பற்றீரியாக்கள் அவற்றின் நுண்துளைகளிற் குடியேறிவிடும். புதிய மீன் வாங்கும் நாளிலே அவற்றை எடுத்துத் தனித் தொட்டியில் பொருத்தினால், தொட்டி அன்றே பணிசெய்யத் தொடங்கும். ஆனால் அவை ஒருவழிப் பயணிகள் என்பதை மறவாதீர்கள். தனித் தொட்டிக்குச் சென்ற பஞ்சு, கொதிநீரிலிட்டு வெயிலில் உலர்த்தப்படாது பழைய குளத்துக்கு மீளலாகாது. இம்முறையில் மற்றுமொரு நன்மையும் உண்டு. தேவையற்ற காலத்தில் தொட்டியை நீரின்றிக் கவிழ்த்து வைக்கலாம். மீனில்லாத் தொட்டியிலே நீரைத் தேக்கிவைத்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும்; அதனால் நமக்கும் அயலாருக்கும் கேடு விளையும்.

அடுத்தது நீர். கொழும்பு நகரின் குழாய்நீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையிலும், மற்றும் லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் பெறப்பட்டுத் தூய்மை செய்யப்படுவது. மனிதரைக் காக்கச் சேர்க்கப்படும் குளோரீன் மீனின் செவுள்களை எரிக்கும்; வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்களையும் கொல்லும். நீரைத் திறந்த பீப்பாயிலே ஓரிரு நாள் காற்றோட்டத்துடன் வைத்தால் குளோரீன் அகலும். அவசரத்துக்குச் சோடியந்தயோசல்பேற்றைப் பயன்படுத்தலாம். அன்றியும், இந்நீர் மென்னீராதலின், அமிலத்தன்மையைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. வலைப்பையிலே கழுவிய சிப்பி ஓடுகளை இட்டுத் தொங்கவிட்டால் நீரின் தன்மை சட்டென்று மாறாது நிலைத்திருக்கும்.

குளிர்நாட்டு நூல்கள் தொட்டிக்குச் சூடேற்றி வேண்டும் என்று கூறும். நமக்கு அது வேண்டியதில்லை. நமக்கு வேண்டுவது காற்று. 15 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துவைக்கும். 28 பாகையிலோ 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவாகவே கரைத்துவைக்கும். ஆகையால் பம்பி இரவும் பகலும் இயங்குதல் வேண்டும். 2022 மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் மறக்கவில்லை. மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பியொன்றை அருகில் வைத்திருப்பது நல்ல காப்பாகும். பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தால், மின்சாரம் நின்றபோது நீர் குழாய்வழி பின்னோக்கி வந்து அதனைப் பழுதாக்காது.

மீன் வந்து சேரும் நாளிலே, பையைத் திறவாது இருபது அல்லது முப்பது நிமிடம் தொட்டிநீரின்மேல் மிதக்கவிடுக. வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, மீனை ஈரக் கையால் அல்லது கிண்ணத்தால் எடுத்து உடனே தொட்டியில் விடுக. நீண்ட பயணத்திலே மீன் மூச்சுவிட்டமையாற் பையிலுள்ள நீர் அமிலத்தன்மை அடைந்திருக்கும். அந்நிலையில் அமோனியா அத்துணை தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேற, அமிலத்தன்மை குறைந்து, அமோனியாவின் நஞ்சு பன்மடங்கு ஏறும். ஆகவே திறந்த பையிலே மீனை நெடுநேரம் வைத்திருத்தல் தகாது. பையிலிருந்த நீரைத் தொட்டியிலும் ஊற்றலாகாது.

முதலிரண்டு நாட்களுக்கு உணவிட வேண்டாம். பின்னர் சில நிமிடத்தில் உண்டு முடிக்குமளவு சிறிது இடுக. முதல் மூன்று நாட்களில் நாளுக்கு அரைக் கிலோகிராம் வீதம் ஒன்றரைக் கிலோகிராம் கல்லுப்பைக் கரைத்துவிட்டால், ஐந்நூறு லீற்றர் நீர் ஆயிரத்துக்கு மூன்று பங்கு உப்புடையதாகும். அது மீனின் களைப்பைக் குறைக்கும். நைத்திரைற்றின் நஞ்சினின்றும் காக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே, ஆவியான நீருக்கு ஈடாகத் தூய நீரையே ஊற்றுக. இறைத்து அகற்றிய நீருக்கு ஈடு செய்யும்போது மாத்திரம் உப்பையும் அளந்து சேர்க்க. நூறு லீற்றருக்கு முந்நூறு கிராம் என்பது கணக்கு.

அதன்பின் வேண்டுவது நாள்தோறும் பார்த்தல். ஆசிரியர் காலையில் வரவு இடாப்பைத் திறப்பதுபோல, மீன்காப்பவரும் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுதல் நன்று. மீன் உண்டதா, ஒதுங்கி நின்றதா, உடலைச் சுவரில் உராய்ந்ததா, செட்டைகளை மடக்கி வைத்திருந்ததா, நீர்மேல் வந்து வாயாற் காற்றை விழுங்கியதா, தோலில் வெண்புள்ளியோ செம்புண்ணோ தோன்றியதா என்பவற்றை நாளும் எழுதுக. அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கும் சோதனைத் திரவங்கள் மீன் கடைகளிற் கிடைக்கும். முதலிரு வாரம் அவற்றை நாள்தோறும் பார்த்து, நஞ்சு தோன்றினால் ஐந்திலொரு பங்கு நீரை மாற்றுக. நோய்க்குறி காணுமுன் கண்டபடி மருந்திடுதல் தவறு. அது பற்றீரியாக்களைக் கொன்று, இல்லாத நோய்க்காக இருக்கும் நலத்தைக் கெடுக்கும்.

எத்தனை நாள் வைத்திருத்தல் வேண்டும்? நான்கு வாரத்துக்குக் குறையாமல். ஆறு வாரமாயின் நன்று. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி நமது வெப்பநிலையிலே சில நாட்களில் தன் வாழ்க்கை வட்டத்தை முடித்துவிடும். நங்கூரப் புழுவுக்கோ ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும். மீன்பேனின் முட்டைகள் பொரிப்பதற்கும் பல வாரங்கள் செல்லலாம். ஒரு தலைமுறையைத் தப்பவிட்டாலும் அடுத்த தலைமுறையைக் காணுமளவு நாம் காத்திருத்தல் வேண்டும். இடையில் இன்னுமொரு புதிய மீனை அத்தொட்டியில் விட்டால், நாட்கணக்கு அன்றிலிருந்து மீண்டும் தொடங்கும்.

முன்னர்க் கூறிய வைரசு நோயைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை உண்டு. அது பெரும்பாலும் 16 முதல் 28 பாகை வரையான நீரிலே வெளிப்படும். கொழும்பின் வெப்பநீரிலே அது வெளித்தோன்றாது மறைந்திருந்து, நீர் குளிரும்போதோ, மீன் நுவரெலியா போன்ற குளிர்ந்த இடத்துக்குச் சென்றபோதோ தலைகாட்டுதல் கூடும். ஆகவே, நான்கு வாரம் நலமாகக் கழிந்தபின், பழைய குளத்து மீனொன்றை இரண்டு வாரம் புதியவற்றோடு தனித் தொட்டியில் விட்டுப் பார்ப்பது அனுபவமுடையோர் கைக்கொள்ளும் முறை. ஒரு மீனை இடருக்கு உட்படுத்துவது மனத்துக்கு இசையாததுதான். ஆயினும் குளத்திலுள்ள அனைத்தையும் அவ்விடரிலே தள்ளுவதினும் அது சிறிது. இம்முறையும் முழு உறுதி தராது. விலையுயர்ந்த மீன்களை வளர்ப்போர், மீன் நோய்களை ஆராயும் பேராதனைப் பல்கலைக்கழக மிருகவைத்திய பீடம் போன்றவற்றை அணுகி, ஆய்வுகூடச் சோதனை பற்றி அறிந்துகொள்ளலாம்.

ஒழுங்குமுறை இல்லையேல் தொட்டியாற் பயனில்லை. வலை, வாளி, குழாய் யாவும் தனித் தொட்டிக்கென வேறாக இருத்தல் வேண்டும். முதலிற் பழைய குளத்தைக் கவனித்து, அதன்பின்னரே தனித் தொட்டியைத் தொடுக. பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. ஒரே வலையை இரண்டிலும் தோய்ப்பவர், தொட்டி இருந்தும் இல்லாதவரே ஆவர்.

இறுதியாக, கழிவுநீரைப் பற்றி ஒரு சொல். கொழும்பு நகரின் வாய்க்கால்கள் ஒன்றோடொன்றும், சதுப்பு நிலங்களோடும் தொடர்புடையன. மீன் தொட்டிகளிலிருந்து வெளியேறிய அயல்நாட்டுக் கத்திமீனும், தொட்டிச் சுவரை உறிஞ்சும் மீனும் நமது நீர்நிலைகளிற் பெருகியிருத்தலை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மீன் சென்ற வழியே நோயும் செல்லும். ஆதலின் நோய் கண்ட தொட்டியின் நீரை வெளிற்றும் தூளிட்டு ஓரிரவு வைத்திருந்து, கழிவுநீர்க் குழாயில் விடுக. இறந்த மீனைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க. எக்காரணத்தாலும் உயிருள்ள மீனை வெள்ளவத்தை வாய்க்காலிலோ வேறெந்த நீர்நிலையிலோ விடலாகாது. அதனை இரக்கமென்று எண்ணிச் செய்வோரும் உளர். ஆனால் அங்கு வாழும் விராலுக்கும் கெளிற்றுக்கும் அது இரக்கமாகாது.

நேயர்களே, இத்தொட்டிக்கு ஆகும் செலவு சிறிது. வேண்டும் பொறுமையோ பெரிது. அழகிய மீனொன்றை வாங்கிவந்து, ஆறு வாரம் குளத்தில் விடாது காத்திருப்பது எளிதன்று. பிள்ளைகள் நாள்தோறும், எப்பொழுது விடுவோம் என்று கேட்பர். அவர்களிடம் குறிப்பேட்டைக் கொடுத்து, நாட்களை எண்ணி எழுதச் செய்யுங்கள். குளத்தில் முன்னமே வாழும் மீன்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை அவ்வெழுத்தின் வழியாக அவர்கள் தாமே கற்றுக்கொள்வர்.